மருதமுத்துவும் கம்பளித் துரையும்

எலும்பை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்த பிறகுதான் மருதமுத்து சோற்றில் கை வைப்பார். மலாக்காவின் ஜாலான் பெண்டஹாராத் தெருவில் நாகூர் மீரானின் சாப்பாட்டுக் கடை, கடை முன் அஞ்சடி நடைபாதையை ஒட்டிய மேசை, தட்டில் ஆட்டுக்கறி. விலா எலும்பு ஒன்றை இரண்டு விரலில் பிடித்து, நகைக்கடைக்காரர் கல்லைப் பார்ப்பதுபோல் இப்படியும் அப்படியும் திருப்புவார். மோந்து பார்ப்பார். பிறகு தீர்ப்பு வரும், அடுத்த மேசைக்காரர் கையிலெடுத்த கவளத்தோடு யோசனையில் ஆழ்ந்துவிடுகிற சத்தத்தில்:

"இது செம்மறி இல்ல மாமா. வெள்ளாடு. அதுலயும் கெழட்டு வெள்ளாடு."

"தின்னு மாப்ளே. ஜாதியக் கேட்டா பசியாறுமா?" என்பார் மீரான், கல்லாவை விட்டு எழாமலே.

"மனுசனுக்குத்தான் ஜாதி கேக்கக் கூடாது மாமா. ஆட்டுக்குக் கேட்டே ஆகணும்."

இதை அவர் வாரம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். மீரானும் முதல் தடவை கேட்பதுபோல் தலையை ஆட்டி வைப்பார். தட்டில் கிடப்பது கிழட்டு வெள்ளாடு என்பது மீரானுக்குத் தெரியாதா என்ன? அதைப் பேசி வாங்கிக் கொடுத்தவரே மருதமுத்துதான்.

காஜா பெராங் பெரிய சாலையை விட்டு உள்ளே திரும்பும் சந்தில் அவர் வீட்டைக் கண்டுபிடிக்க முகவரி வேண்டாம், மூக்கு போதும். முன்பக்கம் வீடு, பின்பக்கம் பட்டி என்று அவர் சொல்வார். முன்பக்கம் பட்டி, பின்பக்கமும் பட்டி, நடுவில் நான் ஒண்டியிருக்கிறேன் என்று அவர் மனைவி பூங்காவனம் சொல்வாள். அவள் தையல்காரி. சந்தில் பாதிப் பேருடைய ரவிக்கை அவள் மெஷினில் பிறந்ததுதான். வெளியே கிளம்பினால் கக்கத்தில் ஒரு கறுப்புக் குடை இருக்கும். மழைக்காக அல்ல, வெயிலுக்காகவும் அல்ல. வாசலை மறித்துக்கொண்டு நிற்கும் ஆடுகளின் புட்டத்தில் தட்டுவதற்காக.

பட்டியில் நிற்பதெல்லாம் ஒரே மந்தை என்று நினைப்பவர்கள் மருதமுத்துவிடம் வாய் கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்படி வாய் கொடுத்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பஸ்ஸைத் தவறவிட்டார். அதோ செம்பட்டையாக, நாய்க்கு இருப்பதுபோல் குட்டை முடியோடு நிற்கிறதே, அது நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்த வம்சம். வெயிலைச் சட்டை செய்யாது. கறி ருசி, தோல் கெட்டி. ஆனால் ஒரு வாரம் அடைமழை பெய்தால் இருமத் தொடங்கிவிடும். பக்கத்தில் குள்ளமாக, முதுகில் மட்டும் பழைய தேங்காய்நார் மிதியடியைப் போர்த்தியதுபோல் நிற்பது இந்த ஊர்க் கம்போங் ஆடு, மலாய்க் கிராமத்து ஆடு. எடை கிடையாது, அழகு கிடையாது. மழையும் பூச்சியும் அதை ஒன்றும் செய்வதில்லை. மூலையில் வாலில் ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு நடக்கிறதே, அது ஜாவாக்காரி. அந்த வால் முழுக்கக் கொழுப்பு. ஒரு வாலை உருக்கினால் பிரியாணிச் சட்டிக்கு நெய்யே வேண்டாம் என்று மீரான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

"செங் தவுக்கே இருக்காரே, அவரும் ஜாவா ஆடுதான்," என்பார் மருதமுத்து. "சேத்து வெச்சதெல்லாம் பின்னாடி தெரியும்."

செங் தவுக்கே என்பவர் அந்தப் பக்கம் காய்கறி போடும் சீன முதலாளி. அறுப்பு முடிந்த பாத்தியில் மருதமுத்துவின் மந்தையைக் கிடை போடச் சொல்லி லோரி அனுப்புகிறவர். ஆடுகள் அங்கே படுத்து எழுந்துபோனால் அடுத்த போகத்துக் கீரைக்கு உரம் வேண்டாம். தன்னை ஜாவா ஆடு என்று ஒருவர் சொல்வது அவருக்கும் தெரியும். தெரிந்தே லோரி அனுப்புகிறார். அவ்வளவு நல்ல புழுக்கை.

சிறுதோட்டக்காரர்கள் கூப்பிடுவது வேறு காரணத்துக்கு. கித்தா எனப்படும் ரப்பர் மரத்தடியில் மண்டும் புல்லை மேய்ந்து தீர்ப்பதற்கு. இங்கேதான் மருதமுத்துவின் சித்தாந்தம் உச்சத்துக்குப் போகும்.

"கித்தாக் காட்டுல வெள்ளாட்ட விட்டா என்னா ஆவும் தெரியுமா? தலைய நிமித்தும். மரப்பட்டைய உரிச்சுத் தின்னும். தின்னுட்டு அடுத்த மரம் எங்கன்னு பாக்கும். செம்மறி அப்படி இல்ல லா. குனிஞ்ச தல நிமிராது. புல்லு, புல்லு, புல்லு. களை வெட்ட ஆளும் வேணாம், மருந்தும் வேணாம்."

வோட்டுக் கேட்டு வந்த ஒருவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது வெள்ளாடு," என்று சந்து முழுக்கக் கேட்கும்படி அவர் சொன்னது அந்த ஞானத்தில்தான். வந்தவர் அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டு கும்பிட்டுப் போனார்.

ஆனால் இந்த மனிதரை ஊர் முழுக்கப் பேச வைத்தது நாகப்பட்டினமும் அல்ல, ஜாவாவும் அல்ல. ஒரு துரை.

சுதந்திரம் நிச்சயம் என்று ஆனதும், புக்கிட் ரம்பாய்க்கு அப்பால் ஒரு தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை பெட்டி கட்டினார். பியானோ ஏலத்துக்குப் போயிற்று. நாயை வேறொரு துரை கூட்டிப் போனார். கிடாவை மட்டும் யாரும் சீண்டவில்லை. தோட்டத்து ஆடுகளின் வம்சத்தை உயர்த்துவதற்கென்று அவர் சீமையிலிருந்து வரவழைத்த கிடா அது. வெள்ளை வெளேரென்று உடம்பெல்லாம் கம்பளி, காதைச் சுற்றி முன்னால் வளைந்து வரும் கொம்பு, எதையும் ஏற்றுக்கொள்ளாத முகம். வந்த நாளிலிருந்து யாருடைய வம்சத்தையும் அது உயர்த்தவில்லை. அந்தத் தோட்டத்தில் மந்தை மேய்த்துக் கொடுத்த உரிமையில் மருதமுத்து போய்க் கேட்டார். எடுத்துக்கொண்டு போ என்றார் துரை. இனத்தின் பெயரைச் சொன்னார்: டார்செட் ஹார்ன். மருதமுத்து வாய்க்கு அது டார்சட்டு என்று வந்தது. சந்து அதற்குத் துரை என்றே பெயர் வைத்துவிட்டது.

செங் தவுக்கேயின் லோரியில், கீரைக் கூடைகளுக்கு நடுவே அது வந்து இறங்கிய நண்பகலில் எதிர்வீட்டு மாணிக்கவாசகம் வாசலில் நின்றிருந்தார். மாணிக்கவாசகம் மலாக்காச் செட்டி, பல தலைமுறையாக மலாயே வீட்டுமொழியாகிப்போன தமிழ் வம்சம். சந்திலேயே சுத்தமான, நீளமான தமிழ்ப் பெயர் அவருடையது. சந்திலேயே தமிழ் பேசத் தெரியாதவரும் அவர்தான். துரையைப் பார்த்ததும் கையிலிருந்த விசிறி நின்றது.

"ஆடோய் மருது! கம்பிங் இனி பாக்காய் பாஜு செஜுக் கா?"

இந்த வேகாத வெயிலில் இந்த ஆடு குளிர்ச் சட்டையா போட்டிருக்கிறது என்று கேட்கிறார். மருதமுத்துவுக்குக் கோபம் சட்டைக்காக வரவில்லை. "கம்பிங் இல்ல லா! பிரி-பிரி! பிரி-பிரி!" வெள்ளாட்டையும் செம்மறியையும் ஒரே சொல்லில் அடைக்கிறவர்களை அவர் மன்னிப்பதில்லை, எதிர்வீடாக இருந்தாலும்.

துரை வந்த காரணத்தை அவரே மீரான் கடையில் விளக்கினார். சோறு ஆறிப் போவதைப் பற்றி அன்று அவர் கவலைப்படவில்லை.

"துரையோட எடை. நாகப்பட்டினத்துத் தோலு. கம்போங் ஆட்டோட வயிறு. மூணும் ஒரே குட்டியில சேரணும். வெயில் தாங்கணும், மழை தாங்கணும், கறியும் இருக்கணும். அதான் மெர்டேக்கா ஜாதி."

சுதந்திர ஜாதி என்றதும் கடை சிரித்தது. மூன்று இனமும் ஒன்று சேரவேண்டும் என்று திடலில் மேடை போட்டுச் சொன்னால் கைதட்டுகிறார்கள். அதையே பட்டிக்காரர் சொன்னால் சிரிக்கிறார்கள்.

துரையும் ஒத்துழைக்கவில்லை. பட்டியிலேயே நல்ல நிழல் எதுவோ அங்கே போய் நின்றுகொண்டது. மற்ற ஆடுகள் மேய, அது மட்டும் யாராவது கொண்டுவந்து வைப்பார்கள் என்று காத்திருந்தது. மருதமுத்து கொண்டுவந்து வைத்தார். மத்தியானத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கியது; விசிறினார். பெட்டையாடுகள் சுற்றி வந்தன. கிளப்பில் உட்கார்ந்திருப்பவர் தோட்டக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தது, அதாவது பார்க்கவில்லை. "புது எடம். கூச்சம்," என்றார் மருதமுத்து. மாதக்கணக்கில் கூச்சப்பட்டது துரை.

இதற்கிடையில் பழைய சமாசாரம் ஒன்று எழுந்து உட்கார்ந்துகொண்டது.

துரை வருவதற்கு முந்தைய மழைக்காலத்தில், கித்தாக் காட்டில் மருதமுத்துவைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் நீலம் பாரித்துக் கிடந்தபோது, டாக்டர் ஊசி போட்டார். பூங்காவனம் ஆற்றோரத்து முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டாள். இந்த மனுசன் கண்ணைத் திறந்தால், வருகிற ஆடித் திருவிழாவில் பட்டியிலேயே பெரிய கிடாவை வெட்டுகிறேன் என்று. மறுநாள் கண்ணைத் திறந்தார். டாக்டர் தன்னால் என்றார், பூங்காவனம் முனியால் என்றாள். கண்ணைத் திறந்தவருக்கு அப்போது இருவரிடமும் சண்டை இல்லை. பட்டியில் பெரிய கிடா அன்றைக்குக் கறுப்பன் என்கிற நாகப்பட்டினத்துக்காரன்.

ஆனி பிறந்ததும் பூங்காவனம் மெஷினை மிதித்துக்கொண்டே கேட்டாள். "என்னாங்க, தொரைக்கு மஞ்சத்துணி நானே தெச்சிறட்டுமா?"

மருதமுத்துவுக்கு வாயில் வெற்றிலை. துப்பிவிட்டு வந்தார். "நீ நேந்துக்கிட்டப்ப பெரிய கிடா கறுப்பன் புள்ள. தொரை அப்ப பங்களாவுல இருந்தான்."

"நான் பேரா சொன்னேன்? பட்டியிலயே பெருசுன்னேன். இப்பப் பெருசு எது?"

"அது வெறும் முடி. முடிய எடுத்துப்பாரு, உள்ள ஒண்ணுமில்ல."

"எடுத்துக் காட்டுங்க."

எடுத்தாலும் துரைதான் பெரிசு என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் ஆண்பிள்ளை, பின்வாங்க முடியாது. அவளுடைய தையல் கத்தரிக்கோலையே எடுத்துப் போய் துரையின் விலாவில் ஒரு கை முடியை வெட்டிக்கொண்டு வந்து மெஷின்மேல் போட்டார், தன் கட்சிக்குச் சாட்சியாக. பூங்காவனம் கத்தரிக்கோலை வாங்கிப் பார்த்தாள். அதன் முனை மழுங்கியதைப் பற்றி அவள் பேசியது இங்கே எழுதத் தக்கதல்ல. முடியை மட்டும் அவள் வீசவில்லை. ஊசி குத்தி வைக்க ஒரு குட்டிமெத்தை தைக்கலாம் என்று அலசப் போனாள்.

"தண்ணியே ஒட்ட மாட்டேங்குது, சனியன்," என்றாள் குழாயடியிலிருந்து. "சவுக்காரம் போட்டப்பறந்தான் நனையுது."

மருதமுத்து அதைக் காதில் வாங்கவில்லை. அவர் கவலை வேறு. என் உயிருக்காக நேர்ந்தது என்று அவள் சொல்லும்போது, அதற்கு மேல் என்ன பேசுவது? என் உயிர் கறுப்பன் அளவுதான் என்று வாதாட முடியுமா?

அந்த வாரத்தில்தான் துரைக்கும் கூச்சம் தெளிந்தது. ஒரு மாலை ஜாவாக்காரியின் பின்னால் போய் மோந்து பார்த்துவிட்டு, மேலுதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்த்து நின்றது. கிடாவுக்கு ஆசை வந்ததற்கு அதுதான் அடையாளம். மருதமுத்து அன்று மீரான் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கோப்பி வாங்கிக் கொடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், "ஒதட்ட சுருட்டிருச்சு," என்று மட்டும் சொன்னார். பாக்கிப் பெட்டைகளும் சினைப்பட இன்னும் கொஞ்ச காலம் வேண்டும். ஆடி அதுவரை காத்திருக்காது. மெர்டேக்காவுக்கு முன்னாலேயே மெர்டேக்கா ஜாதி முடிந்துவிடும்.

எனவே அவர் ராஜதந்திரத்தில் இறங்கினார்.

ஹஜ்ஜுப் பெருநாள் ஆடிக்கு முன்னால் வருகிறது. குர்பானிக்கு அந்த வெள்ளைக் கிடாவைக் கொடேன் என்று மீரான் கேட்டார். "ஐயோ மாமா, அது முனிக்கு நேந்ததாச்சே," என்றார் மருதமுத்து. கோயில் பூசாரி தம்பிராஜா, ஆடித் திருவிழாவுக்கு எந்தெந்த வீட்டிலிருந்து கிடா வருகிறது என்று கேட்டுக்கொண்டு வந்தார். வெட்டுகிற கிடாவின் தலை பூசாரிக்கு என்பது வழக்கம். துரையின் தலையை, கொம்போடு சேர்த்து, அவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். "அடடா, அத மீரான் மாமா குர்பானிக்குச் சொல்லி வெச்சிட்டாரே பூசாரி," என்றார் மருதமுத்து. ஒரு மதத்துக்கு இன்னொரு மதத்தை ஜாமீன் வைத்துவிட்டு, இரண்டு வாரம் நிம்மதியாக வெற்றிலை போட்டார்.

ஜாமீன்தாரர்கள் இருவரும் ஒருநாள் அவர் வாசலிலேயே சந்தித்துக்கொண்டார்கள்.

"மீரான் பாய், உங்க பெருநாள்தான் முந்தி வருது," என்றார் தம்பிராஜா, நெஞ்சில் கை வைத்து. "நீங்க ஆசப்பட்ட கிடா. முனி கோச்சிக்க மாட்டாரு. நீங்களே கூட்டிட்டுப் போங்க."

"தவ்பா! நேந்துவிட்ட கிடாவ நான் கேட்டதே தப்பு பூசாரி. நீங்க கூட்டிட்டுப் போங்க."

"இல்ல இல்ல, நீங்க."

"அட, நீங்க."

இப்படி ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க, விட்டுக்கொடுக்க, துரையின் கழுத்தில் இரண்டு கத்தியும் மாறி மாறி விழுந்துகொண்டிருந்தன. இந்த அளவு நல்லிணக்கத்தை மருதமுத்து எதிர்பார்க்கவில்லை. வேறு ஏதாவது மதம் பாக்கி இருக்கிறதா என்று எதிர்வீட்டைப் பார்த்தார். மாணிக்கவாசகமும் முனியைக் கும்பிடுகிறவர்தான்.

உள்ளேயிருந்து மெஷின் சத்தம் நின்றது. "மாமா," என்றாள் பூங்காவனம். "வெள்ளை முனிக்குத்தான். நீங்க கறுப்பனப் பாருங்க."

மீரான் கறுப்பனைப் பார்த்தார், விலாவை அழுத்தினார், கூட்டிக்கொண்டு போனார். இனி பட்டியில் எது பெரிய கிடா என்று ஒரு குழந்தைகூடக் கேட்காது.

ஆடிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. நாகப்பட்டினத்து ஆடுகள் நனைந்து, ஒவ்வொன்றும் தலையிலிருந்து வால்வரை உதறி, மருதமுத்துவின் முகத்தில் மழையை இன்னொரு தடவை பெய்தன. துரை மட்டும் கூரைக்கு வெளியே, கூரை விளிம்பிலிருந்து ஊற்றுகிற தண்ணீருக்கு நேர் கீழே, அசையாமல் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. பைத்தியமா இது என்று அவர் பிடித்து இழுத்தார். விரல்கள் கம்பளிக்குள் புதைந்தன. மேலே தண்ணீர். உள்ளே, தோலருகே, காய்ந்திருந்தது. கதகதப்பாக. வெளியே எடுத்த விரலில் மெழுகுபோல் ஒரு பிசுக்கு.

அவர் விரலை மோந்து பார்த்தார். கறி எலும்பைப் பார்ப்பதைவிட அதிக நேரம் பார்த்தார்.

முனியாண்டி கோயிலில் கிடா வெட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கிடாவை நிறுத்தி, மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரை முதுகில் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். உதறாவிட்டால் சாமிக்கு இஷ்டமில்லை. கத்தி கீழே இறங்கக் கூடாது. இதுவரை உதறாத கிடா கிடையாது. குட்டை முடிக் கிடாவின் முதுகில் ஈ உட்கார்ந்தாலே உதறும்.

மறுநாளிலிருந்து யார் துரையைப் பார்த்து, "பாவம், அந்த முடிய எடுத்து விடு லா," என்று சொன்னாலும் மருதமுத்து பதறினார். "சாமிக்கு நேந்தது. கத்தி படக் கூடாது," என்றார், கன்னத்தில் போட்டுக்கொண்டு. இத்தனை பக்தி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று சந்து வியந்தது.

திருவிழாக் காலையில் ஒரு கண்டம் வந்தது. நேர்ந்த கிடாவைக் குளிப்பாட்டுவது நேர்ந்துகொண்டவள் வேலை. பூங்காவனம் முந்தானையைச் செருகிக்கொண்டு குழாயடிக்கு வந்தாள். ஒரு கையில் வாளி. இன்னொரு கையில் துணி தோய்க்கும் மஞ்சள் சவுக்காரக் கட்டி.

மருதமுத்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சாமிக் கிடாவுக்கு சவுக்காரமா?" என்று கேட்க வாயெடுத்தவர், கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றினார். கட்டி, கம்பளிக்கு மேலே இரண்டு சாண் உயரத்தில் வந்து நின்றது. பூங்காவனம் துரையைப் பார்த்தாள். துரை அவளைப் பார்க்கவில்லை. மூலையில் ஜாவாக்காரி தன் தலையணையை ஆட்டிக்கொண்டு எதையோ மென்றது. பூங்காவனம் அதையும் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், உதட்டைச் சுருட்டாத குறையாக.

அவள் குனிந்து, சவுக்காரத்தால் தன் காலைத் தேய்த்துக் கழுவினாள். கட்டியை மாடத்தில் வைத்தாள். துரைமேல் வெறுந்தண்ணீரை ஊற்றினாள்.

"வாங்க. நேரமாச்சு."

ஆற்றோரத்தில் உறுமி முழங்கிக்கொண்டிருந்தது. முனிக்குச் சுருட்டு பற்றவைத்தாகிவிட்டது. சின்னச் சின்ன வேண்டுதல்கள் கோழிகளாக முடிந்தன. துரை வந்ததும் கூட்டம் வழிவிட்டது. ஒரு காலத்தில் துரைமாருக்கு வழிவிட்ட பழக்கமாகவும் இருக்கலாம். மஞ்சள் துணியும் மாலையும் கட்டி, அது பலிபீடத்துக்கு எதிரே, பரிசு வாங்க வந்ததுபோல் நின்றது.

தம்பிராஜா செம்பை உயர்த்தி ஊற்றினார். மஞ்சள் தண்ணீர் முதுகில் பரவி, இரண்டு பக்கமும் சொட்டியது. துரை அசை போட்டது.

"இன்னொரு செம்பு."

அசை போட்டது.

பூசாரி முகத்தில் வேர்வை. இந்த முறை குடத்தையே தூக்கினார். தண்ணீர் கொம்பின் வளைவில் ஓடி, காதுக்குள் ஒரு துளி விழுந்தது. காது ஒரு வெட்டு வெட்டியது.

"ஆடுச்சு! காது ஆடுச்சு! உத்தரவுதான்!"

"காது ஆடுனா ஈ உக்காந்துச்சுன்னு அர்த்தம். ஒடம்பு ஒதறணும் லா."

"அப்ப இது பாதி உத்தரவு."

"பாதி உத்தரவுக்குப் பாதிக் கிடாவ வெட்டுவியா? எந்தப் பாதி?"

நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதியவர்கள் இவ்வளவு நுணுக்கமாகப் பேசியிருப்பார்களா என்பது சந்தேகம். வால்வரை உதற வேண்டும் என்று ஒரு கட்சி, தலை போதும் என்று ஒரு கட்சி, சீமை ஆட்டுக்குச் சீமைச் சட்டம் என்று ஒரு கட்சி. மருதமுத்து எந்தக் கட்சியிலும் சேரவில்லை. கையைக் கூப்பிக் கண்ணை மூடி நின்றார், பரீட்சையில் பார்த்து எழுதிவிட்டு முதல் ஆளாகப் பிரார்த்தனைக்கு வந்தவன்போல. உதடு மட்டும் குடங்களை எண்ணிக்கொண்டிருந்தது. ஏனென்றால் கம்பளியும் கம்பளிதான்; இன்னும் இரண்டு குடம் ஊற்றினால் தாங்காது என்று அவருக்குத் தெரியும்.

தம்பிராஜா அடுத்த குடத்துக்குக் கை நீட்டினார்.

"டியா தா மாவு லா," என்றார் மாணிக்கவாசகம் கூட்டத்துக்குள்ளிருந்து, சாவகாசமாக. அது வேண்டாம் என்கிறது, விடுங்களேன்.

இத்தனை தமிழுக்கும் அடங்காத சண்டை அந்த மலாய் வாக்கியத்துக்கு அடங்கியது. மூன்று தடவை கேட்டாயிற்று, நான்காவது கேட்டால் சாமியை வற்புறுத்துவதாகும் என்று யாரோ சொன்னார்கள். பூசாரி குடத்தைப் பார்த்தார், கொம்பைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். பூங்காவனத்தின் பக்கம் திரும்பினார்.

"மொறையா குளிப்பாட்டித்தான கொண்டாந்த தாயி?"

மருதமுத்து ஒரு கண்ணைத் திறந்தார்.

"நான்தான் குளிப்பாட்டினேன்," என்றாள் பூங்காவனம்.

"அப்ப சரி. முனி வேணாங்கறாரு. ஒரு சேவல குடுத்துருங்க." தம்பிராஜா துரையின் நெற்றியில் விபூதி பூசினார். "ஆனா ஒண்ணு. சாமி வேணாம்னு விட்டது இனி சாமியோடது. இத வெட்டவும் கூடாது, விக்கவும் கூடாது. காலம் முழுக்க வெச்சுக் காப்பாத்தணும். சூசாதான், தொல்லதான், என்னா பண்ணுறது?"

"சாமி உத்தரவு," என்றார் மருதமுத்து, துக்கத்தை எப்படியோ வரவழைத்துக்கொண்டு.

திரும்பி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. பூங்காவனம் முன்னால் நடந்தாள். இடுப்பில் தாம்பாளம், கக்கத்தில் குடை. பின்னால் மருதமுத்து, கையில் கயிறு, வாயில் புது வெற்றிலை. அவருக்குப் பின்னால் துரை, மஞ்சள் நீரைக் குடித்துக் கனத்த கம்பளியோடு, ஊர்வலத்தின் கடைசி யானைபோல் அசைந்து வந்தது. கோயில் கூட்டத்தில் பாதிப் பேர் அதே வழியாக வந்துகொண்டிருந்தார்கள். மாணிக்கவாசகம் நாலு எட்டுப் பின்னால்.

"பாத்தியா புள்ள," என்றார் மருதமுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி. "முனிக்கே மெர்டேக்கா ஜாதி மேல ஒரு இது இருக்கு."

பூங்காவனம் தாம்பாளத்தை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள்.

சந்துத் திருப்பத்தில் கயிறு இறுகியது. துரை நின்றுவிட்டது. இத்தனை நேரம் கம்பளிக்குள் வழி தேடிக்கொண்டிருந்த முனியாண்டியின் தண்ணீர், இப்போதுதான் தோலைப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கழுத்தில் ஒரு நடுக்கம் புறப்பட்டது. மருதமுத்து அதைப் பார்த்தார். பின்னால் வந்த கூட்டத்தைப் பார்த்தார். வெற்றிலையை விழுங்கினார். "டேய்... டேய் தொரை... வேணாண்டா..." என்று இரண்டு கையையும் விரித்துக் கொம்பைப் பிடிக்கப் பாய்ந்தார்.

பூங்காவனம் திரும்பிப் பார்க்கவில்லை. நடையும் நிற்கவில்லை. கக்கத்திலிருந்த குடையை உருவி, முதுகுப்பக்கமாகச் சாய்த்து, விரித்தாள்.